கொல்லிமலைக்குப் புறப்படும் முன் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஆடிப்பெருக்குக்கு எல்லோரையும் மாருதி 800இல் ஏற்றிக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகப்போவதாகச் சித்தி சொன்னார். "பிரேக்கை ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிச்சுது, ஆயில் ஊத்தினதும் சரியாயிடுச்சு" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். அந்தச் 'சரியாயிடுச்சு'தான் எனக்கு இடிக்கிறது.

பிரேக் ஆயில் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. முன்சக்கரத்து பேட் (சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய ஆயில் டப்பாவில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மற்றபடி குறைந்தால் எங்கோ கசிகிறது. இந்த வயது வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பின்சக்கர வீல் சிலிண்டரை, அதாவது ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவை டிரம்மின் உட்புறத்தில் தள்ளி அழுத்தும் சின்ன உருளையை. கசிவு டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுவதால் தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதுதான் ஆள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்ட விடாதீர்கள். இரண்டு பக்கமும் புது ஷூதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காது.

அங்கே காய்ந்திருக்கிறதா? சரி, வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) ரப்பர் கப் போய்விட்டது. பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் போகும் லைனில் காற்று. அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும், 'ஏர் எடுக்க' வேண்டும். முதல் மிதி ஆழம் போய், அடுத்த மிதியில் கெட்டியாக நின்றால் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்.

பழைய ஆயிலையும் முழுசாக மாற்றிவிடுங்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை, ஈரம் ஏறினால் 140 வாக்கில் வந்துவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரை தட்டும். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வழக்கம் மலையில் வேண்டாம் (அதையும் சித்திதான் சொன்னார்).

ஆடிப்பெருக்குக்குள் வேலை முடியாவிட்டால் நாமக்கல்லிலிருந்து பஸ் இருக்கிறது. டிரம்மைக் கழற்றியதும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்