வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். மழை கொட்டிய கார்த்திகை மாதம் உட்பட, இந்த ஆண்டு ஒரு மாதக் கூட்டம்கூட விட்டுப்போகவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி இருப்பவர்கள் இன்றே கொடுத்துவிடுங்கள். என் அறிக்கையின் பெரும்பகுதி நாம் மாதக்கணக்கில் விவாதித்த ஒரே விஷயம்தான்: செயற்கைக்கோள் வானொலி நிறுவனங்கள் நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணம் திரும்பி வருகிறதா?

சந்தா கட்டிக் கேட்கும் செயற்கைக்கோள் வானொலியான வேர்ல்ட்ஸ்பேஸின் ரிசீவரை உறுப்பினர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்ததில்தான் பேச்சே தொடங்கியது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராக இருந்தார், அடையாள இசையும் அவருடையதுதான். அவ்வளவு பெரிய பெயர் இருந்தும் 2008-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது, 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் சேவை நின்றது. ரஹ்மான் பாட்டு எஃப்.எம்.மிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது அவருக்காக யார் மாதச் சந்தா கட்டுவார்கள் என்று ஒருவர் கேட்டார். எனக்கு அதுதான் மொத்த விவாதத்தின் சாவியாகப் பட்டது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2004 அக்டோபரில் சிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனம், பிரபல வானொலித் தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்னுடன் ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது அதன் சந்தாதாரர்கள் ஏழு லட்சம்கூட இல்லை. புதிதாக 10 லட்சம் பேர் வந்தால் செலவு கட்டிவிடும் என்று நிறுவனம் சொன்னது. மாதம் 12.95 டாலர் வீதம் 10 லட்சம் பேர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 15.5 கோடி டாலர், ஸ்டெர்னின் செலவு ஆண்டுக்கு 10 கோடி, மிச்சம் புது ஆளைப் பிடிக்க ஆகும் கருவி மானியம், கமிஷன் இவற்றுக்குப் போகும். செயற்கைக்கோள் ஏற்கெனவே மேலே போய்விட்டது, ஒருவர் கேட்டாலும் கோடிப் பேர் கேட்டாலும் அதன் செலவு ஒன்றுதான், அதனால் கூடுதல் சந்தா அவ்வளவு அருமையானது. 2005 முடிவில் 33 லட்சம், 2006 முடிவில் 60 லட்சம் பேர் வந்துவிட்டார்கள். ஸ்டெர்ன் சிரியஸுக்கு மாறிய 2006 ஜனவரிக்குப் பிறகு அவரைக் கேட்க வேறு வழியே இல்லை என்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் லாபம்? சந்தாதாரர் இலக்கைத் தாண்டியதற்காக ஸ்டெர்னுக்கும் அவர் முகவருக்கும் சுமார் 22 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் போயின, 2006-இல் நிறுவனத்தின் நிகர நட்டம் 110 கோடி டாலர். 2009 பிப்ரவரியில் திவாலின் விளிம்பில் இருந்து லிபர்ட்டி மீடியா என்ற ஊடக நிறுவனத்தின் 53 கோடி டாலர் கடன்தான் காப்பாற்றியது, அதற்கு 40 சதவீதப் பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் 2011-இல், போட்டி நிறுவனமான எக்ஸ்எம்மை இணைத்ததால் வந்த சந்தாதாரர்களையும் தன் போனஸ் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று ஸ்டெர்ன் தரப்பு வழக்குப் போட்டு, அது தள்ளுபடியானது. யாரால் வந்த சந்தா எது என்பதே நீதிமன்றம் வரை போகிற சிக்கல், பாருங்கள்.

இணைப்புக்கு முன்பு, 2006-இல், எக்ஸ்எம் டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்கு மூன்று ஆண்டுகளுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்தது. அவர் பேச வேண்டியது வாரத்துக்கு அரை மணி நேரம், அவரோ தினமும் டிவியில் இலவசமாக வருகிறவர். அந்தப் பணம் வீண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2024-இல் அலெக்ஸ் கூப்பரின் 'கால் ஹெர் டாடி' என்ற இணைய ஒலி நிகழ்ச்சிக்கு (பாட்காஸ்ட்), இணைந்த நிறுவனமான சிரியஸ்எக்ஸ்எம் 12.5 கோடி டாலர் கொடுக்கிறது என்று செய்தி வந்தபோது நம்மில் சிலர் பழைய தவறு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிகழ்ச்சி எங்கும் கேட்கக் கிடைக்கும், நிறுவனம் வாங்கியது விளம்பரம் விற்கும் உரிமையை, எனவே அதைச் சந்தாக் கணக்கில் பார்க்கக் கூடாது. சந்தாவோ இப்போது புதுக் காருடன் வரும் இலவச மாதங்களை நம்பித்தான் இருக்கிறது, அதிலும் சொந்தக் காசு கட்டுகிறவர்கள் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் குறைந்தார்கள்.

சரி, அடுத்த ஆண்டு வேலை ஒன்று. வேர்ல்ட்ஸ்பேஸின் தமிழ் அலைவரிசை கேஎல் ரேடியோ நிகழ்ச்சிகளை யாராவது கேசட்டிலோ கணினியிலோ பதிந்து வைத்திருந்தால் முதல் கூட்டத்துக்கே கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம்.