உன் ஐரோப்பாப் பயணத்துக்கான பணம் எங்கே இருக்கிறது

அன்புள்ள கண்ணம்மா,

ஐரோப்பா போகப் பணம் சேர்க்க வேண்டும், மாதச் செலவில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தாய். உன்னோடு ஒரே வேலையில் சேர்ந்த பையனுக்கு உன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று தெரியவந்ததையும் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். செலவில் கை வைப்பதற்கு முன்னால் வரவைப் பார்.

ஒரு கணக்குப் போடுகிறேன். சேரும்போது அவனுக்கு வருஷத்துக்கு 100, உனக்கு 90 என்று வைத்துக்கொள். இருவருக்கும் வருஷாவருஷம் 6 சதவீத இன்கிரிமென்ட். முதல் வருஷம் வித்தியாசம் 10. பத்து இன்கிரிமென்ட் முடிந்ததும் அவன் 179, நீ 161. வித்தியாசம் கிட்டத்தட்ட 18. அந்தப் பத்து வருஷத்தில் உன் கைக்கு வராமல் போனதைக் கூட்டினால் 132 வருகிறது. அது உன் முதல் வருஷச் சம்பளத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "எல்லாருக்கும் ஒரே சதவீதம்தானே கொடுக்கிறோம்" என்று ஹெச்.ஆர். சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள். ஆரம்பத்தில் இருந்த குறையை ஒரே சதவீதம் சரிசெய்யாது, வளர்க்கத்தான் செய்யும்.

முதலில், இருவருக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று சரிபார். கைக்கு வரும் தொகையை ஒப்பிடாதே. வரி, பிடித்தம், கடன் தவணை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பேஸிக் (அடிப்படைச் சம்பளம்), நிலையான படிகள், வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகை), போனஸ், சேரும்போது ஒருமுறை கொடுத்தது, பங்குகள் என்று தனித்தனியாகப் பிரித்து, நிலையானதை நிலையானதோடு வைத்துப் பார். அவனுக்கு ஓவர்டைமோ நைட் ஷிஃப்ட் படியோ இருந்தால் அதைக் கழித்துவிடு. அடுத்து, பதவிப் பெயரை நம்பாதே. ஒரே வேலையைச் செய்பவர்களில் ஒருவருக்கு 'சீனியர்' என்று பட்டம் கொடுத்து, அதையே சம்பள வித்தியாசத்துக்குக் காரணமாகக் காட்டுவார்கள். தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல், இந்த நான்கையும் பார். நான்கும் ஒத்துப்போனால், பெயர் வேறாக இருந்தாலும் சம மதிப்புள்ள வேலைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கை 1951-லேயே 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்' என்றுதான் எழுதியது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன.

உன் கிரேடுக்கான சம்பள பேண்டின், அதாவது குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையிலான வரம்பின், நடுப்புள்ளி எவ்வளவு என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேள். உன் சம்பளத்தை அந்த எண்ணால் வகுத்துப் பார். உன் அனுபவமுள்ள மற்றவர்கள் 1-ஐ ஒட்டி நிற்க நீ 0.88-இல் நின்றால், அந்த ஒரு எண்ணே உனக்காகப் பேசும். யாருடைய சம்பளத்தையும் பெயர் சொல்லி இழுக்க வேண்டாம். நம்பிச் சொன்னவனை மாட்டிவிட்டதாகவும் ஆகும், பேச்சும் உன் வேலையை விட்டு அவன் வேலைக்குத் திரும்பிவிடும்.

கேட்கும் நேரம் பெரிய விஷயம். அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த பிறகு போய் நின்றால் 'பட்ஜெட் முடிந்துவிட்டது' என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மேனேஜரிடம் தனியாக அரைமணி நேரம் கேட்டு வாங்கு. ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போ: இப்போது செய்யும் வேலை, சேர்ந்தபோது ஒப்படைத்ததைவிடக் கூடியது என்ன, முடித்தவை எண்களோடு, பேண்டில் நீ நிற்கும் இடம், நீ கேட்கும் தொகை. தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இரு. அந்த மௌனம் தாங்காமல் நாமே "கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று இறங்கிவிடுகிறோம். நிறையப் பெண்கள் அங்கேதான் விட்டுக்கொடுக்கிறார்கள். வாடகை, கடன், பயண ஆசை எதையும் அங்கே காரணமாகச் சொல்லாதே. வேலையின் மதிப்பைத்தான் கேட்கிறாய், உதவியை அல்ல.

அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல், "இந்த வருஷம் ஒருமுறை போனஸ் தருகிறோம்" என்பார்கள். வாங்கிக்கொள், ஆனால் அதோடு பேச்சை முடிக்காதே. போனஸ் அந்த வருஷத்தோடு போய்விடும். அடுத்த இன்கிரிமென்ட் மறுபடி 90-இன் மேல்தான் ஏறும். பேஸிக் மாற வேண்டும், எந்தத் தேதியிலிருந்து என்பதும், அரியர் உண்டா என்பதும் கடிதத்தில் வர வேண்டும். பேசி முடித்த அன்றே, "இன்று நாம் பேசியது இவை" என்று ஒரு மெயில் போட்டுவிடு.

பிறகு குழந்தை பெற்றுக்கொள்வது பற்றி யோசிக்கும்போது ஒன்றை நினைவில் வை. 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வுகள் காட்டுவது, இன்றைய சம்பள இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, அது முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விரிகிறது என்பதை. பிரசவ விடுப்பு எடுத்த வருஷத்தில் 'ரேட்டிங் இல்லை, ஆகவே இன்கிரிமென்ட் இல்லை' என்று விட்டால், அந்த ஓட்டை வருஷக்கணக்கில் உன்னோடு வரும். விடுப்புக்குப் போகும் முன்பே, அந்த வருஷ ரேட்டிங் எதை வைத்து முடிவாகும் என்று எழுதி வாங்கிக்கொள்.

பேச்சு பலிக்காவிட்டால் புகார். அதற்குக் கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும், முதலில் அதைத் தெரிந்துகொள். அமெரிக்காவில் டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு, தன்னைப் போன்ற ஆண்களைவிடத் தனக்குக் குறைவு என்பது பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு மூலம்தான் தெரியவந்தது. 180 நாள் கெடு தாண்டிவிட்டது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. 2009-இல் சட்டத்தையே திருத்தினார்கள்; அவருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

இப்போது ஐரோப்பா. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கும் உன் பே ஸ்லிப்தான் வேண்டும் என்பதால், எல்லா மாதச் சீட்டையும் ஒரே ஃபைலில் வை. புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். ஆகவே மூன்று மாதம் முன்பே அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடு. கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் பலர். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாகவும், நீ அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்தால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் சீராக ஏறும் கணக்குதான் நல்லது.

பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, தனி விசா. ரயில் பாஸ் வாங்கினாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. மிலானில் டாவின்சியின் கடைசி இராவுணவு ஓவியத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதே, உள்ளே விடுவதே கால் மணி நேரம்தான். ஏ.டி.எம்.மில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடு. மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

நீ பெல்ஜியம் வழியாகப் போனால், பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் லியேஜ். அதை ஒட்டியதுதான் ஹெர்ஸ்டால். அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த மூவாயிரம் பெண்கள் 1966-இல் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் பன்னிரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கையில் அவர்கள் பிடித்துக்கொண்டது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957 ரோம் ஒப்பந்தத்தில் ஆண் பெண் சம ஊதியத்தைச் சொல்லும் 119-ஆம் பிரிவு. கேப்ரியல் டிஃப்ரென் என்ற பெல்ஜிய விமானப் பணிப்பெண் அதே பிரிவை வைத்து 1976-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் ஒதுக்கு என்பது என் ஆசை.

அந்தக் கண்டத்திலும் வேலை முடிந்துவிடவில்லை. மணிநேர ஊதியத்தில் ஆண் பெண் இடைவெளி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இலும் சராசரியாக 12 சதவீதம் அளவில் இருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அதே வருஷம் புதிய விதி கொண்டுவந்து, அதை 2026 ஜூன் 7-க்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க உறுப்பு நாடுகளுக்குக் கெடு வைத்தார்கள். அதன்படி, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. இரண்டாவது விஷயம் எங்கே வேலை தேடினாலும் உனக்கு உதவும். அடுத்த இன்டர்வியூவில் யாராவது கேட்டால், "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கிய வரம்பைச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேள்.

மேனேஜரிடம் நேரம் கேட்கும் மெயிலை இந்த வாரமே அனுப்பிவிடு. அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதியதும் எனக்கு அனுப்பு, எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா