செயலாளர் ஆண்டறிக்கை: காவலர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் நடந்த மனநலப் பயிற்சி

நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைநீர்க் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு மேல் மனு கொடுத்திருக்கிறோம். கால்வாய் அப்படியேதான் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வியாசர்பாடியில் நாம் நடத்திய பயிற்சியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிகளுக்கு வந்துபோகும் காவலர்களும் ஆலோசகர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் கலந்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் ஒருவர் வகுப்பெடுத்தார். பிளஸ் ஒன் பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் தூங்குகிறான், தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகிறான். என்ன காரணம் என்று கேட்டார். பலரும் ‘போதை’ என்றார்கள். “இரவில் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று யாராவது கேட்டீர்களா?” என்றார். அரங்கில் பதில் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என ஆலோசகர் ஒருவர் தயங்கினார். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று மருத்துவர் விளக்கினார்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை, வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்கே கொண்டுபோகாத வீடுகள் நம் தெருக்களில் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே மிரளும் பெற்றோருக்கு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள்.

பள்ளிக்குள் காவலர் எதற்கு என்று செயற்குழுவில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அதில் நியாயம் இருக்கிறது. இரவில் நிறுத்தி விசாரித்தவரிடமே காலையில் எந்தப் பையன் மனம்விட்டுப் பேசுவான்? சிறார் நீதி விதிகளும், பிள்ளைகளிடம் பேசும்போது இயன்றவரை சீருடை வேண்டாம் என்றே சொல்கின்றன. “பணி முடியும் முன் எங்கே போய் உடை மாற்றுவது?” என்று ஒரு காவலர் கேட்டதும் உண்மையான கேள்விதான். ஆற்றுப்படுத்துவது காவலர் வேலையல்ல. அடையாளம் கண்டு, அதட்டாமல் ஆலோசகரிடம் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆலோசகருக்கோ பல பள்ளிகள்.

ஆகவே ஆண்டுதோறும், பிளஸ் டூ தேர்வு முடிவுகளுக்கு முன்பே இப்பயிற்சியை நடத்தவும், 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ டியூஷன் மையங்களிலும் கேரம் கிளப்புகளிலும் எழுதிவைக்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.