திடப்படுத்தல் பட்டியலில் என் தம்பி பெயரையும் எழுதுங்கள்

நம் சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் குருவானவர் அச்சனுக்கும் ஸ்தோத்திரம்.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து எழுதுகிறேன். நேரில் வந்து பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடவை வந்தேன். ஒரு தடவை கணக்கு வாசிப்பு இருட்டும்வரை இழுத்தது. இன்னொரு தடவை கோயில் கூரைக்கு எந்தத் தகரம் போடுவது என்று சண்டை. சரி, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் பேராயர் வந்து, தலையில் கை வைத்து ஜெபித்துத் திருவிருந்துக்குச் சேர்க்கிற திடப்படுத்தலைக் கொடுத்தபோது 14 பேரின் பெயரை வாசித்தீர்கள். பதினைந்தாவதாக எழுதியிருந்த என் தம்பியின் பெயரை வாசிக்கவில்லை. அவனுக்கு 31 வயது, டவுன் சிண்ட்ரோம். வகுப்புக்கு எட்டு வாரமும் குடையோடு போய்வந்தான். கடைசி வாரம் நம் விசுவாசத்தை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னபோது, கிறிஸ்து மரித்தோரிடத்திலிருந்து ‘எழுந்தருளினார்’ என்பது வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டான். (நிற்பதற்கு அது ஒன்றும் மோசமான இடமில்லை.) “அவனுக்கு விளங்காது” என்று பெயரை அடித்துவிட்டீர்கள். கோபத்தில் செய்யவில்லை என்று தெரியும். “அவனுக்குக் கர்த்தர் வேற வழி வச்சிருப்பார்” என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன பெரியவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார் என்று இருக்கிறது. கீழே நடக்கும் மலையாள ஆராதனையில் இதையே ‘ஸ்வரூபம்’ என்று வாசிக்கிறார்கள். பெரிய வார்த்தைதான், ஆனால் தமிழ் வேதத்தில் இருக்கிற ‘சாயல்’ நம் வீட்டுக்குள் புழங்குகிற சொல். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் துணியை விலக்கிப் பார்த்து முதலில் சொல்வது அதைத்தானே: அப்பன் சாயல், பாட்டி சாயல். அந்தப் பிள்ளைக்கு அப்போது தன் பேர்கூடத் தெரியாது.

நான் வலிந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரம் மூன்றாம் வசனம் பாருங்கள். ஆதாம் தன் சாயலாக, தன் ரூபத்தின்படியே ஒரு குமாரனைப் பெற்றுச் சேத் என்று பேரிட்டான். தேவன் மனுஷனைப் படைத்ததற்குச் சொன்ன அதே இரண்டு வார்த்தைகள், ஒரு தகப்பன் பிள்ளை பெற்றதற்கும். எங்கள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் தம்பி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் நடந்து போனால், பின்னாலிருந்து பார்க்கிற பழைய ஆட்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். அந்த நடையை அவன் யாரிடமும் பாடம் படித்து வாங்கவில்லை.

சாயல் என்றால் புத்திதான் என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். வெகு பழையது. இரண்டாம் நூற்றாண்டில் இரேனியஸ் என்ற ஆதிச் சபைப் பெரியவர் சாயல் வேறு, ரூபம் வேறு என்று பிரித்தார். பிறகு வந்த வேத அறிஞர் அகுஸ்தீன் மனித மனத்தின் நினைவு, அறிவு, சித்தம் என்ற மூன்றிலும் திரித்துவத்தின் அடையாளத்தைத் தேடினார். அவ்வளவு பெரியவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் தேடியது தேவனை. அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் பாதி தூரத்தில் நின்று, அறிவு குறைந்தவனிடம் சாயலும் குறைவு என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்தச் சொற்களைப் பழைய காலத்தில் எப்படிப் புழங்கினார்கள் என்றும் பார்த்தேன். 1979-ல் சிரியாவில் தெல் ஃபெகெரியே என்ற இடத்தில் ஒரு கற்சிலை கிடைத்தது. ஹதத்-யித்தி என்ற அரசனுடைய ஆளுயரச் சிலை. அதன்மேல் அசீரிய மொழியிலும் அரமேய மொழியிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. ஆதியாகமத்தின் எபிரெயத்தில் சாயலுக்கும் ரூபத்துக்கும் வருவது ட்ஸேலெம், தெமூத் என்ற சொற்கள். அவற்றின் அரமேய உருவம் இரண்டையும் அந்த எழுத்தில் அந்தச் சிலைக்கே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிலை என்ன யோசிக்கும்? பிரமாணம் ஒப்பிக்குமா? ராஜா நேரில் இல்லாத இடத்தில் ராஜாவுக்காக நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை அவமதிக்கிறவன் ராஜாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவிடம் மனுஷ இரத்தம் சிந்தாதே என்று சொன்னபோதும் தேவன் காட்டிய காரணம் இந்தச் சாயல்தான். யாருடைய இரத்தம், எவ்வளவு படித்தவன் என்ற விசாரணை அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கமிட்டியில் ஒரு அண்ணன், “அவன் தேவதூதன் மாதிரிப்பா, அவனுக்குப் பாவமே கிடையாது, எதுக்குத் திருவிருந்து?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணே, என் தம்பியோடு நீங்கள் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் பழி போடுவான். கோபம் வந்தால் என்னை அறைவான், அப்புறம் கதவுக்குப் பின்னால் நின்று அழுவான், அரை மணி நேரம் கழித்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பான். அதுதான் அவன் மன்னிப்புக் கேட்கிற விதம். பிரசங்கம் நீண்டால் “முடிஞ்சுச்சா?” என்று சத்தமாகக் கேட்கிறவனும் அவன்தான். (அதை நாம் எல்லோரும் மனதுக்குள் கேட்கிறோம்.) அவன் தூதனில்லை, நம்மைப் போல மனுஷன். தூதன் என்று உயரத்தில் தூக்கி வைத்தாலும் பந்தியில் அவனுக்கு இடமில்லாமல்தான் போகிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள் என்று தெரியும்: கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் போஜனபானம் பண்ணுகிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு. முதலாம் நிருபம், 11-ஆம் அதிகாரம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போய் வாசியுங்கள். பவுல் யாரைக் கண்டிக்கிறார்? பந்தியில் முந்திக்கொண்டு தாங்கள் சாப்பிட்டுவிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வைத்து வெட்கப்படுத்தினவர்களை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் முடிக்கிறார். ஒப்பிக்கத் தெரியாதவனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அது விளங்கிக்கொண்டதா என்று நாமும் கேட்பதில்லையே.

நாமெல்லாம் தோட்டத்து ஆட்கள். கொழுந்தைத் தராசில் வைத்துத்தான் நம் ஆட்களை மதிப்பார்கள் என்பது நமக்குத் தாத்தா காலத்திலிருந்து பழக்கம். கிலோ குறைந்தால் பேச்சு கேட்க வேண்டும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் பெண்கள் உட்கார்ந்தபோது அம்மாவும் போனாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வரும்போது அவனுக்குத்தான் தொண்டை கட்டியிருந்தது. அங்கே யாரும் அவனை எழுந்து போ என்று சொல்லவில்லை.

2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் செத்தார்கள். கிடைக்காத நான்கு பேரை மழையிலும் ஆற்றோரத்திலும் நாள்கணக்கில் தேடினார்கள். நம் சபையிலிருந்தும் ஆள் போனது. உயிரில்லாத உடம்புக்கு அவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த நமக்கு, இந்தப் பையன் விஷயத்தில் மட்டும் என்ன தடுக்கிறது?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த தடவை பேராயர் வரும்போது பட்டியலில் அவன் பெயர் இருக்க வேண்டும். பிரமாணத்தை முழுச் சபையும் சேர்ந்து சொல்லட்டும், அவன் வருகிறவரை கூட வரட்டும். பக்கத்தில் நான் நிற்கிறேன். திராட்சரசத்தைச் சிந்திவிடுவானோ என்ற கவலை இருந்தால் அப்பத்தை அதில் தோய்த்துக் கொடுக்கலாம். தலையில் கை வைத்தால் மட்டும் கொஞ்சம் சிரிப்பான், அவனுக்குக் கூச்சம் அதிகம். அதைப் பேராயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வருடத்துக்கென்று அம்மா தைத்து வைத்த வெள்ளைச் சட்டை பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதற்குள் அவன் கொஞ்சம் பெருத்துவிட்டான், கழுத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். தேதியை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டால் அவளுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சபையாரில் ஒருவன்