என்.எச்.ஆர்.ஏ. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: ஆயிரம் அடி நேரத்தை எங்களுக்கும் காட்டுங்கள்

அமெரிக்காவின் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நின்ற இடத்திலிருந்து நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் சீறிப் பாயும் உங்கள் டிராக் பந்தயங்களை ஆர்வத்தோடு பார்த்துவரும் ரசிகன் நான். கேட்பது ஒன்றுதான். டாப் ஃபியூயல், ஃபன்னி கார், ப்ரோ ஸ்டாக், ப்ரோ மாட் என எந்த வண்டி வகுப்பு ஓடினாலும், கடைசி நேரத்தோடு இடைநேரங்களையும், அதாவது 60 அடி, 660 அடி, 1,000 அடியைக் கடந்த நேரங்களையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திரையில் போடுங்கள். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. ஓடி முடித்தவர் கையில் நீங்கள் கொடுக்கும் நேரச் சீட்டில் இவை எல்லாம் அச்சாகியே வருகின்றன. பார்க்கிற எங்களுக்குத்தான் எப்போதாவது கண்ணில் படுகின்றன.

இந்தத் தேவை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2008 ஜூன் 21 அன்று நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் தகுதிச் சுற்றின்போது ஸ்காட் கலிட்டாவின் ஃபன்னி கார் எஞ்சின் வெடித்தது. வண்டி நிற்காமல் பாதையின் எல்லையைத் தாண்டிப் போய் மோதியதில் அவர் இறந்தார். அடுத்த மாதமே டாப் ஃபியூயலுக்கும் ஃபன்னி காருக்கும் ஓடுதூரத்தை 1,320 அடியிலிருந்து, அதாவது கால் மைலிலிருந்து, 1,000 அடியாகக் குறைத்தீர்கள். சரியான முடிவு. பழைய தூரத்துக்குத் திரும்புங்கள் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிற்பதற்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த 320 அடி, எந்தச் சாதனையையும்விடப் பெரியது.

ஆனால் ப்ரோ ஸ்டாக் இன்றும் 1,320 அடிதான் ஓடுகிறது. அதனால் பலகையில் டாப் ஃபியூயலுக்கு 3.7 நொடி, அடுத்து வரும் ப்ரோ ஸ்டாக்குக்கு 6.5 நொடி என்று விழுகிறது. புதிதாகப் பார்க்க வருபவர், இது பாதி வேக வண்டி போலிருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறார். அதே ப்ரோ ஸ்டாக் 1,000 அடியைக் கடந்தது ஏறக்குறைய ஐந்தரை நொடியில். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. இரண்டு வகுப்பிலும் எஞ்சினின் உச்ச அளவு 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். ஓட்டுநரோடு சேர்த்து எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 1,060 கிலோ அளவில். ப்ரோ ஸ்டாக் 1,300க்கு மேல் குதிரைத்திறன் தருகிறது, டாப் ஃபியூயல் 11,000க்கு மேல். காரணம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரும், எரிபொருளாக ஊற்றும் நைட்ரோமீத்தேனும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலின் கால் பங்கு ஆற்றல்தான் அதில் இருக்கிறது. ஆனாலும் உள்ளே போகும் அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்றலாம் என்பதால், கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இத்தனை வித்தியாசம் இருந்தும் முதல் 60 அடியில் என்ன ஆகிறது? டாப் ஃபியூயல் 0.83 நொடி அளவில் கடக்கிறது, ப்ரோ ஸ்டாக் ஒரு நொடியை ஒட்டி. எட்டு மடங்கு சக்திக்கு அங்கே கிடைக்கும் முன்னிலை நொடியில் ஆறில் ஒரு பங்குதான். டயரின் பிடிக்கு ஓர் எல்லை இருக்கிறது. டாப் ஃபியூயல் வண்டியில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. கிளட்ச் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கித்தான் சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்புகிறார்கள். அது முழுதாக இறுகிய பிறகுதான் இடைவெளி விரிகிறது. 660 அடியில் ஒன்று மூன்று நொடிக்குள், இன்னொன்று நாலு நொடிக்கு மேல். ப்ரோ ஸ்டாக் ஓட்டுநர் இதற்குள் கியர் மாற்றிக்கொண்டே வருகிறார், 2016 முதல் நிமிடத்துக்கு 10,500 சுழற்சிக்கு மேல் எஞ்சின் போகக் கூடாது என்ற விதியோடு. கடைசி எண்ணை மட்டும் காட்டினால் இந்தக் கதை முழுவதும் மறைந்துபோகிறது.

ஃபன்னி கார் விஷயத்திலும் இதுதான். டாப் ஃபியூயலில் உள்ள அதே வகை எஞ்சின்தான் அதிலும். ஆனால் சக்கர இடைவெளி 300 அங்குலத்துக்குப் பதில் 125. 2017இல் சொனோமாவில் ராபர்ட் ஹைட் ஃபன்னி காரில் மணிக்கு 339.87 மைல், அதாவது சுமார் 547 கிலோமீட்டர் தொட்டார். 2022இல் பொமோனாவில் பிரிட்டனி ஃபோர்ஸ் டாப் ஃபியூயலில் தொட்ட 338.94 மைல் அதற்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஆனாலும் நேரத்தில் டாப் ஃபியூயல்தான் முன்னால். ஃபன்னி காருக்கு இழப்பு தொடக்கத்தில் நடக்கிறது என்பதை இடைநேரம் இல்லாமல் எப்படிப் புரிந்துகொள்வது?

ப்ரோ மாட் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். டர்போ (புகைப்போக்கின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்துவது), சூப்பர்சார்ஜர் என்று வெவ்வேறு ஏற்பாடுகளை ஒரே வகுப்பில் ஓடவிட்டு, எடையையும் காற்றழுத்த அளவையும் மாற்றிச் சமன் செய்கிறீர்கள். டர்போ வண்டி பொதுவாகப் பின்பாதியில் பலம் காட்டும். சூப்பர்சார்ஜர் வண்டி புறப்படும்போதே பாயும். ஆக, ஒரு வண்டிக்குக் கூடுதல் எடை போட்டது நியாயமா என்று கடைசி நேரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் இடைநேரங்களைச் சேர்த்து வெளியிட்டால், உங்கள் மீது வரும் பாரபட்சக் குற்றச்சாட்டுகளில் பாதி அடங்கிவிடும். நீங்கள் நியாயமாகவே நடக்கிறீர்கள் என்றால் அதைக் காட்டுவதற்கான ஆதாரமும் உங்களிடமே இருக்கிறது.

அப்புறம், சாதனைகளைச் சொல்லும்போது தூரத்தையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். 2006இல் பொமோனாவில், பருவத்தின் கடைசி ஓட்டத்தில் தேசிய சாதனை வைத்தால்தான் பட்டம் என்ற நிலையில் டோனி ஷூமாக்கர் 1,320 அடியை 4.428 நொடியில் முடித்தார். 2019இல் பிரிட்டனி ஃபோர்ஸ் 1,000 அடியை 3.623 நொடியில் முடித்தார். தூரம் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருவருக்கும் அநியாயம்.

அடுத்த பருவத்தில் ப்ரோ ஸ்டாக்கிலும் ப்ரோ மாடிலுமாவது தொடங்குங்கள். நேரலைத் திரையின் ஓரத்தில் மூன்று எண்கள், ஓட்டம் முடிந்ததும் பத்து நொடி நின்றால் போதும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்