சதுக்கம் வேறு, சதுரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், நியூயார்க் நகரின் டைம்ஸ் ஸ்கொயர் 'டைம்ஸ் சதுரம்' என்று அச்சாகியிருந்தது. அதை வாய்விட்டுப் படித்த என் பேத்தி, "அந்த இடம் நாலு பக்கமும் ஒரே அளவா இருக்குமா தாத்தா?" என்று கேட்டு, கணக்கு நோட்டில் அளவுகோலை வைத்து ஒரு கட்டமும் போட்டுவிட்டாள். பிராட்வேயும் ஏழாம் அவென்யூவும் சாய்வாக வெட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பில் இரண்டு முக்கோணங்களைத்தான் காண முடியும். சதுரத்துக்கு அங்கே இடமே இல்லை; டைம்ஸ் சதுக்கம் என்றே அச்சாகியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வடிவத்துக்கும் பொதுவெளிக்கும் ஒரே சொல் என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. தமிழிலோ, நான்கைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்திருந்தாலும், சதுரம் வடிவத்தையும் சதுக்கம் நாற்சந்தியையும் குறித்துத் தனித்தனியே நிலைத்துவிட்டன. முருகன் உறையும் இடங்களைச் சொல்லும் திருமுருகாற்றுப்படை, 'சதுக்கமும் சந்தியும் புதுப்பூங் கடம்பும்' என்கிறது. அங்கே சதுக்கத்துக்கு நாற்சந்தி என்றே பழைய உரை பொருள் சொல்கிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் ஒன்று பூத சதுக்கம். பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பாசக்கயிற்றால் கட்டிப் புடைத்து உண்பேன் என்று நாற்காத தூரம் கேட்கும்படி முழங்கிய பூதம் நின்றது அங்கேதான். ஊரார் கூடும் இடம், நியாயம் கேட்கும் இடம் என்ற பொருள் இந்தச் சொல்லோடு அப்போதே சேர்ந்திருந்தது என்பதை எண்ணும்போது, 2011இல் கெய்ரோவில் மக்கள் திரண்ட இடத்தைத் தஹ்ரீர் சதுக்கம் என்று எழுதியவர்களைக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்த இடத்துக்கு அரபு மொழியில் வழங்கும் சொல் மைதான். நம் மைதானமும் அதே சொல்தான். ஆனால் தமிழில் அது விளையாட்டுத் திடலாகிவிட்டது. மன்றமும் சட்டமன்றம், நீதிமன்றம், ரசிகர் மன்றம் என்று வேறு பணிகளுக்குப் போய்விட்டது. மாஸ்கோவின் நீள்சதுரமான திடலைக்கூடச் செஞ்சதுக்கம் என்று படித்துப் பழகிய நமக்கு, எஞ்சியிருக்கும் நல்ல சொல் சதுக்கம் ஒன்றே.

உக்ரைன் தலைநகர் கீவ் பற்றிய செய்திகளில் வரும் 'மைதான் சதுக்கம்' என்பதும் கூறியது கூறலே; அங்கும் மைதான் என்றால் சதுக்கம்தான். சுதந்திரச் சதுக்கம் என்றாலே போதும். இவ்விரு திருத்தங்களையும் தங்கள் மெய்ப்புத் திருத்துநர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.