இளையது வருமுன் மூத்ததுக்கு ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பிறக்கப்போகும் வீட்டைப் பற்றி யார் எழுதினாலும் தாய்க்கு என்ன சாப்பாடு, குழந்தைக்கு என்ன உடுப்பு என்றுதான் எழுதுகிறார்கள். அதே வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடித் திரியுமே, அது இனி எங்கே படுக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், தாயும் தகப்பனும் அதே வளவுக்குள்தான் இருப்பார்கள், அதனால் மூத்தது பெத்தாவோடு, அதாவது அம்மம்மாவோடு, படுக்கும் என்று பேச்சை முடித்துவிடுகிறோம். படுக்கட்டும், நல்லதுதான். ஆனால் தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிற இரவிலா அதைத் தொடங்குவது? அம்மாவும் இல்லை, பழகிய படுக்கையும் இல்லை, அம்மா திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறொன்று கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு யார்மேல் கோபம் வரும்?

1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. எனக்கு மூன்று வயது, தம்பி அம்மாவின் வயிற்றில். எனக்கு ஒன்றும் நினைவில்லை, பெத்தா சொல்லிச் சொல்லித்தான் தெரியும். ஊரெல்லாம் தென்னை விழுந்து கிடந்ததால் ஓலைக்குப் பஞ்சமில்லை. அப்பா ஓலையைக் கீறித் தண்ணீரில் ஊறப்போட்டு, கிடுகு பின்னி, முதல் வேலையாக விறாந்தையின் ஒரு மூலையை எனக்கென்று அடைத்தாராம். வீடே அரைகுறையாய்க் கிடக்க இவளுக்கு என்ன அறை என்று பெரியப்பா ஏசியிருக்கிறார். பெத்தா விடவில்லை. “பிள்ளை பிறந்தாப் பிறகு இவளைத் தள்ளிப் படுக்க வைச்சா, தம்பிதான் தள்ளினான் எண்டு நினைப்பாள் மனே. இப்பவே படுத்துப் பழகட்டும்.”

இப்போது என் மகளுக்கு மார்கழியில் இரண்டாவது பிள்ளை. நெல் மூட்டை அடுக்குகிற சின்ன அறையை ஆவணியிலேயே ஒதுக்கிவிட்டோம், ஐப்பசியில் மழை பிடித்தால் சுவரும் காயாது, பெயின்ற் மணமும் போகாது. என்ன நிறம் வேண்டும் என்று பேரனைக் கேட்டால் ஓட்டோ நிறம் என்றான், அவனுடைய அப்பாவின் ஓட்டோ பச்சை. சரி, பச்சைதான். மருமகன் வெளிச்சுவர்ப் பக்கம் அவனுக்கு ஒரு பழைய பிரஷும் வாளியில் தண்ணீரும் கொடுத்துவிட்டார். தண்ணீரால் சுவருக்கு அடிப்பான், வெயிலில் காய்ந்ததும் நிறம் போயிற்று என்று திரும்பவும் அடிப்பான், அன்று முழுக்க அதே வேலை.

கட்டில் வாங்கவில்லை, தரையில் பன்பாய் போட்டு அதன்மேல் மெத்தை, உருண்டு விழுந்தாலும் பயமில்லை. அலுமாரியைச் சுவரோடு சேர்த்து இறுக்கச் சொன்னேன், லாச்சிகளை இழுத்துவிட்டு அதிலேயே கால்வைத்து ஏறுகிற வயது, பாரம் முன்னுக்கு வந்தால் அலுமாரி பிள்ளைமேல்தான் சாயும். அப்புறம் நுளம்பு வலை. நம்மவர்கள் இரவில் மட்டும் வலையை இறக்குகிறார்கள், டெங்கு நுளம்பு குத்துவதோ பகலில், மழைக்காலத்தில் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

முதலில் பகல் தூக்கத்தை மட்டும் அங்கே மாற்றினோம். பிறகு இரவும், மகள் பக்கத்தில் படுத்திருந்து அவன் தூங்கியதும் எழும்பி வருவாள். நடுச்சாமத்தில் தலையணையை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிற நாளும் உண்டு, வரட்டுமே. புதுக் குழந்தை எப்படியும் பாலுக்குத் தாயோடுதான் இருக்கும், ஏணையும் அங்கேதான் கட்டுவோம், அவனுடைய அறைக்குள் யாரும் வரப்போவதில்லை.

இத்தனையையும் கெடுப்பது வந்துபோகிற மாமிமார்தான். “தம்பி வந்தா உன்னைக் கடையில வித்துப்போடுவம்”, “அம்மா இனி உனக்கில்ல”, இதெல்லாம் அவர்களுக்குப் பகிடி. போன கிழமை ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார், பிள்ளை படுக்கும்வரை மகளின் சட்டை நுனியை விடவில்லை.

பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வரப்போகிற சொந்தங்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: பெரியவன் தன் அறையைக் காட்டக் கூப்பிடுவான், முதலில் அங்கே போய்ப் பாருங்கள், பிறகு சின்னதைத் தூக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆரையம்பதி.